ஆளுக்கு இரண்டு டாலர்

கிட்டாரும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று கேட்காத தகப்பனார் நம்மில் எத்தனை பேர்? கேட்பது நியாயந்தான். அந்தக் கேள்வியோடு இன்று அமெரிக்கா வரை ஒரு நடை போய் வருவோம், வாருங்கள்.

தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஏதன்ஸ் என்று ஓர் ஊர். பல்கலைக்கழகம்தான் அதற்கு உயிர். 1980-இல் அங்கே நாலு இளைஞர்கள் ஒன்று கூடினார்கள். பாடியவர் மைக்கேல் ஸ்டைப், ஓவியம் படித்த மாணவர். கிட்டார் வாசித்த பீட்டர் பக், இசைத்தட்டுக் கடைச் சிப்பந்தி. பேஸ் கிட்டாருக்கு மைக் மில்ஸ், டிரம்ஸுக்கு பில் பெரி. ஏப்ரல் 5-ஆம் தேதி, பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில், தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விருந்தில் முதல் கச்சேரி. குழுவுக்கு 'ஆர்.ஈ.எம்.' என்ற பெயரை அகராதியைப் புரட்டித்தான் பிடித்தார்கள்!

மறு வருஷம் ஏப்ரலில் முதல் பாட்டைப் பதிவு செய்தார்கள். பெரிய ஸ்டூடியோ என்று நினைத்துவிடாதீர்கள். வட கரோலினாவில் மிட்ச் ஈஸ்டர் என்பவர், தம் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையிலேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். அங்கேதான் 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' பிறந்தது. ஜூலையில் அதை வெளியிட்ட ஹிப்-டோன் கம்பெனியை நடத்தியவரோ ஒரு சட்டக் கல்லூரி மாணவர்! அடித்தது 1,000 தட்டு. அதில் 600 விளம்பரத்துக்கே போய்விட்டது. போதாக்குறைக்கு, கம்பெனியின் முகவரியைப் போட விட்டுவிட்டார்கள்.

பாட்டை ஊரறியச் செய்வது எப்படி? பழைய நீல நிற வேன் ஒன்றில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வேன் ஓட்டியவர் அவர்களுடைய நிர்வாகி ஜெஃபர்சன் ஹோல்ட். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டாலர். அவ்வளவுதான்!

கேட்டவர்கள் தட்டைத் தேடத் தொடங்கினார்கள். மேலும் 6,000 அடிக்க வேண்டியதாயிற்று. அவ்வருஷத்தின் சிறந்த பத்துத் தட்டுகளில் ஒன்றாக 'நியூயார்க் டைம்ஸ்' அதைச் சேர்த்தது. 1983-இல் முதல் முழு ஆல்பம் வந்தது. 2010-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், என்றும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அந்த முதல் பாட்டை ஏற்றுக்கொண்டது.

ஆக, சோறு போட்டதா? போட்டது. ஆனால் முதலில் இரண்டு டாலருக்கு எவ்வளவு வருமோ, அவ்வளவு சோறு! இப்படிப் புறப்பட்ட வேன்கள் எத்தனையோ. பேர் தெரியாமல் திரும்பியவையே அதிகம். நால்வருமே படிப்பைப் பாதியில் விட்டவர்கள். அதை நான் மெச்சவில்லை. நம் பிள்ளைகள் அதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

என் மனத்தில் நின்றது வேறொன்று. மெட்டு யாருடையதானாலும், பாட்டின் கீழே நாலு பேர் பெயரும் போட்டார்கள். வந்த காசையும் சமமாகப் பங்கிட்டார்கள். 1997-இல் பெரி விலகிய பிறகும் மற்ற மூவர் தொடர்ந்தார்கள். 2011-இல் சண்டை சச்சரவின்றிக் கலைந்தார்கள். முப்பத்தொரு வருஷம்! கூடப் பிறந்தவர்களே ஒரு துண்டு நிலத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்ளும் உலகத்தில் இது சின்ன காரியமா?

எனவே பெற்றோர்களே, கிட்டாரைப் பிடுங்கிப் பரண் மேல் போடுமுன் பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். "சோறு போடுமா?" என்று கேளுங்கள். கூடவே, "யாரோடு சேர்ந்து வாசிக்கிறாய்? வருகிற காசை எப்படிப் பங்கு போடுவீர்கள்?" என்றும் கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு அவன் சொல்லும் பதிலிலேயே முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.