பன்னிரண்டு வாரத்தின் விலை

என்னிடம் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேர்ந்த மாணவி ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "அம்மா, சென்னையில ஒரு மாசம் தங்கணும். ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கேக்குறாங்க." சீனியர் வக்கீல் ஒருவரிடம் இன்டர்ன்ஷிப்; சம்பளம் கிடையாது. "காசும் குடுக்காம ராத்திரி எட்டு மணி வரைக்கும் அங்க என்ன வேலை?" என்று அப்பா மறித்திருக்கிறார். பணம் அனுப்பினேன். கூடவே கோபமும் வந்தது.

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக்கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் பயிற்சி கட்டாயம். அது முடியாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி பதிவு இல்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதி சொல்லும் 'மாணவர்' யார்? இலக்கணப்படி அது இருபாலுக்கும் பொது. நடைமுறையில் அந்த மாணவருக்குச் சென்னையில் சித்தப்பா வீடு இருக்கிறது. நேரங்கழித்து வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு சொல்லுக்குள் பெண் அடங்குவாளா என்பது பழைய வழக்கு. 1916இல் ரெஜினா குஹா வக்கீலாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார். சட்டத்திலுள்ள 'நபர்' என்ற சொல் பெண்ணைக் குறிக்காது என்றது கல்கத்தா உயர் நீதிமன்றம். 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவையும் திருப்பி அனுப்பினார்கள். 1923இல் தனிச்சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

2024 ஜூலையில், பதிவுக் கட்டணம் சட்டம் சொல்லும் 750 ரூபாயைத் தாண்டக் கூடாது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்தான் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு, இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நல்லது. ஆனால் அந்த உதவித்தொகை பதிவுசெய்து முடித்தவர்களுக்கு. பதிவு வரைக்கும் வந்துசேர வேண்டியவளுக்கு?

பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்திடுபவரும் அந்தச் சீனியர்தான். அவரே அத்துமீறினால்? 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சி பெறுபவரையும் ஊழியராகவே கருதுகிறது. பத்துப் பேர்கூட இல்லாத வக்கீல் ஆபீசில் உள்ளகக் குழு இருக்காது; மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்க வேண்டும். எந்தக் கல்லூரி இதைச் சொல்லி மாணவிகளை அனுப்புகிறது?

கட்டாயப்படுத்துகிறவர்களே செலவையும் ஏற்க வேண்டும். பயிற்சிக்கு உதவித்தொகை, தங்குமிடம், புகார் கொடுக்கும் வழி மூன்றையும் விதியிலேயே எழுதுங்கள். சொந்த மாவட்ட நீதிமன்றத்திலேயே இடம் பிடித்துத் தருவதைக் கல்லூரியின் கடமையாக்குங்கள்.

என் மாணவி அந்த நான்கு வாரத்தை முடித்தாள். அவள் வகுப்புத் தோழியை வீட்டில் விடவில்லை. தெரிந்த வக்கீலிடம் அப்பாவே கையெழுத்து வாங்கிவந்தார். இப்போது இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரிச் சான்றிதழ். ஒருத்திக்குக் கடன் மிச்சம். இன்னொருத்தி இதுவரை எந்த நீதிமன்றத்துக்குள்ளும் நுழைந்ததில்லை. விதிப்படி இருவரும் பயிற்சி முடித்தவர்கள்.