திகதி முடியுமுன் கொடுங்கள்



ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வரும்போது மத்ரஸா வாசலில் ஒரு தாய் காத்து நின்றார். கண்டி நகரை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். கணவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மூத்த மகன் சிறு வயதில் என்னிடம் ஓதியவன். இப்போது ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்கும் வேலை பார்த்து வந்தான். அந்த வேலை முந்திய வாரம் போய்விட்டது.

நடந்தது இதுதான். அந்தக் கடையில் மாதக் கடைசியில் திகதி நெருங்கிய சாமான்களை ராக்கையிலிருந்து இறக்குவார்கள். பின்பக்கத்தில் வைத்துப் பக்கட்டுகளைக் கத்தியால் கீறி, ஒரு பீப்பாவில் கொட்டி, மேலே பினைல் ஊற்றிவிட வேண்டும். அது இந்தப் பிள்ளையின் வேலை. அன்று கீற வேண்டியவற்றில் 400 கிராம் பால்மா பக்கட்டுகளும் இருந்தன. திகதி முடிய இன்னும் பத்து நாட்கள் இருந்தன. இரண்டு பக்கட்டைக் கீறாமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். வாசலில் காவலாளியிடம் பிடிபட்டான். மாதச் சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை.

"ஹஸரத், குப்பைக்குப் போற சாமான எடுத்தாலும் களவுதானா?" என்று அந்தத் தாய் கேட்டார். வீட்டில் ஐந்து வயதில் ஒரு தங்கச்சி இருப்பதையும் சொன்னார்.

நான் சட்டத்தைச் சொன்னேன். பொருளின் சொந்தக்காரர் அதை இன்னும் கைவிடவில்லை. அவருடைய இடத்தில், அவருடைய கையில் இருக்கும்வரை அது அவருடைய பொருள். அனுமதி இன்றி எடுப்பது கூடாது. வேலைக்காரன் கையில் இருப்பது அமானத். மகன் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு மனம் நிம்மதிப்படவில்லை. சொன்ன சட்டத்தில் பிழை இல்லை. ஆனால் அதில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். மறுபாதி அந்த முதலாளிக்கு உரியது. ஏழைத் தாய் என் வாசலுக்கு வந்ததால் அவருக்குரிய பாதியை உடனே சொல்லிவிட்டேன். முதலாளிக்குரிய பாதியைச் சொல்ல நான் எழுந்து போகவில்லை. மார்க்கம் படித்தவர்களாகிய எங்களிடம் இந்தக் குறை நிறையவே உண்டு. அடுத்த நாள் போனேன்.

முதலாளி தொழுகையாளி, ஸகாத் கொடுப்பவர். என்னை உட்கார வைத்துத் தேநீர் தந்துவிட்டு, தன் பக்கத்து நியாயங்களைச் சொன்னார். அவற்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவற்றில் உண்மை இருக்கிறது.

முதலாவது, இலவசமாகக் கொடுத்த சாமான் மறுபடியும் சந்தைக்கு வருகிறது. திகதியை அழித்து வேறு திகதி அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அகப்பட்டால் கெட்ட பெயர் கடைக்குத்தான். இரண்டாவது, சாப்பிட்ட ஒருவருக்கு வயிற்றில் கோளாறு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இவரைத்தான் தேடி வருவார். மூன்றாவது, விற்காததை வேலையாட்களுக்குக் கொடுப்பதென்று வைத்தால், நல்ல சாமானை ராக்கையின் பின்னால் ஒளித்து வைத்துத் திகதியை நெருங்க விடுவார்கள். நான்காவது, சில கம்பனிகள் பொருளை அழித்துவிட்டதற்கு அத்தாட்சி காட்டினால்தான் அதன் பெறுமதியைக் கழித்துக் கொடுக்கின்றன. "நான் வேணுமெண்டு வீசல்ல ஹஸரத். கணக்கு அப்படி வருது" என்றார்.

சகோதரிகளே, இந்தக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. எங்கள் நாட்டுக் கறுவாவை ஏகபோகமாக வைத்திருந்த ஒல்லாந்தக் கம்பனி, விலை இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தேங்கிய வாசனைத் திரவியங்களை 1760ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரில் குவித்து எரித்தது. பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தார். பிரேசில் நாடு 1931 முதல் 1944 வரை 7 கோடி 80 இலட்சம் மூட்டைக் கோப்பியை அழித்தது. அதற்கும் காரணம் விலைதான். உலகமெங்கும் வேலையில்லாமல் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. நம் காலத்தில், பர்பரி என்ற ஆங்கிலேய உடுப்புக் கம்பனி 2017-18 கணக்காண்டில் மட்டும் 2 கோடி 86 இலட்சம் பவுண் பெறுமதியான பொருட்களை அழித்ததாகத் தன் அறிக்கையிலேயே எழுதியது. பலத்த கண்டனம் எழுந்த பிறகு 2018 செப்டம்பரில் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. விலையுயர்ந்த மேலங்கி மலிவாகக் கிடைத்தால் பெயர் கெட்டுவிடும் என்பதே அங்கு பயம்.

இதன் ஒரு சாயலை நீங்களும் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகள் கண்டிக் கடைகளில் விற்பனைக்கு வரும். கழுத்துப் பக்கத்தில் லேபல் வெட்டப்பட்டிருக்கும். பெயரை வெட்டிவிட்டுத் துணியைக் காப்பாற்றியிருக்கிறார்கள். துணியையே வெட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வேறு நாடுகள் இதற்குச் சட்டமே போட்டிருக்கின்றன. பிரான்ஸில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் உண்ணத் தகுந்த உணவை வேண்டுமென்று பழுதாக்கக் கூடாது. தர்ம நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்து கொடுக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் இன்னொரு சட்டம் உடுப்பு போன்ற உணவல்லாத பொருட்களுக்கும் இதை விரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், விற்காத உடுப்பையும் பாதணியையும் பெரிய கம்பனிகள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19ஐத் தடையின் தொடக்க நாளாகக் குறித்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டிலேயே, நல்லெண்ணத்துடன் உணவைத் தானம் செய்பவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் வந்துவிட்டது. எங்கள் முதலாளியின் இரண்டாவது பயம் அங்குள்ள முதலாளிகளுக்கும் இருந்திருக்கிறது. அதற்கு வழியும் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் நாட்டில் இதைப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2022ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவு உறுதியில்லை என்று ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் அறிவித்தன. அப்படிப்பட்ட நாட்டில்தான், விலை விழுகின்ற நாட்களில் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி குப்பையாகக் கொட்டப்படுகிறது. கண்டி நகரத்தின் குப்பை மகாவலிக் கரையில் கோஹாகொடையில் மலையாகக் குவிந்தது. அந்த மகாவலித் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம். குப்பை மலை என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையில் பார்த்தோம். சரிந்த குப்பைக்குக் கீழே 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

முதலாளியிடம் இவற்றையெல்லாம் நான் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த மூன்று விடயங்களை மட்டும் நினைவூட்டினேன்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு செத்த ஆட்டைக் கண்டார்கள். அது மைமூனா (ரழி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு. அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். அது தானாகச் செத்ததாயிற்றே என்றபோது, உண்பதுதான் ஹராம் என்று விளக்கினார்கள். ஒரு பொருளில் ஒரு பயன் கெட்டுவிட்டால் மற்றப் பயன்களையும் சேர்த்து வீசக் கூடாது என்ற பாடம் இதில் இருக்கிறது. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் புகும்போது இந்தப் பாடம் மிகவும் உதவும். வெள்ளத்தில் நனைந்த மாவையும் சீனியையும் அழிக்கத்தான் வேண்டும். யாருக்கும் கொடுக்கக் கூடாது. நனைந்த துணியைக் கழுவி வெயிலில் போட்டால் அது துணிதான்.

இரண்டாவது, சந்தையில் நடந்தது. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கண்டித்தார்கள். நனைந்ததை எரித்துவிடும்படி சொல்லவில்லை. குறையை வெளியே காட்டி வைக்கும்படிதான் சொன்னார்கள்.

மூன்றாவது, அல்கலம் சூராவில் வரும் தோட்டக்காரர்கள். ஏழைகள் வந்துவிடுவார்கள் என்று விடியற்காலையிலேயே அறுவடை செய்யச் சத்தியம் பண்ணினார்கள். போய்ப் பார்த்தபோது தோட்டமே அழிந்து கிடந்தது. இறைவனை நினைக்கும்படி முன்பே எடுத்துச் சொன்ன ஒருவர் அவர்களுக்குள் இருந்தார். அவருடைய பேச்சை யாரும் கேட்கவில்லை.

முதலாளி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப திகதி முடிஞ்சத ஏழைகளுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இதை நீங்களும் கவனமாகக் கேளுங்கள். காலாவதியான பொருளை விற்பது எங்கள் நாட்டில் குற்றம். அதை ஏழைக்குக் கொடுத்தால் அது ஸதகாவாகவும் ஆகாது. நாம் கண்ணை மூடிக்கொண்டே தவிர வாங்க மாட்டாத கழிவைத் தர்மத்துக்கென்று தெரிவு செய்ய வேண்டாம் என்பது அல்பகறா சூராவின் போதனை. கொடுக்க வேண்டிய நேரம் திகதிக்கு முன்பு. நம் பிள்ளைக்கு நாம் கரைத்துக் கொடுக்கக்கூடிய பால்மாவாக இருக்கும்போதே அது கைமாற வேண்டும்.

கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. திகதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சாமான் தனி ராக்கைக்கு வரும். திகதியைப் பெரிதாக எழுதி அரை விலைக்கு விற்பார்கள். பத்து நாள் இருக்கும்போது மிஞ்சியதைக் கொப்பியில் பதிந்து பள்ளிவாசலின் பைத்துல்மால் குழுவிடம் கையொப்பத்துடன் ஒப்படைப்பார்கள். குழு ஒவ்வொரு பக்கட்டின் மேலும் பேனையால் கோடு போட்டு, திறந்த பிறகே கையில் கொடுக்கும். அதனால் மறுபடி கடைக்குப் போகாது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பாராமல் பக்கத்தில் உள்ள தேவையான வீடுகளுக்குப் போகும். கம்பனி அத்தாட்சி கேட்கும் பொருட்கள் இந்த ஏற்பாட்டில் இல்லை. அவை இன்னும் கீறப்பட்டுத்தான் போகின்றன. அதுபற்றிக் கம்பனி முகவரிடம் பேசுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிள்ளையை அவர் மன்னித்தார். நிறுத்திய சம்பளத்தையும் கொடுத்தார். வேலைக்கு மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவன் இப்போது வேறொரு கடையில் நிற்கிறான். நான் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், அன்று பாதிச் சட்டம் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

சகோதரிகளே, இத்தோடு முடித்திருந்தால் முதலாளிமாரைக் குறை சொன்ன கட்டுரையாக இது போயிருக்கும். ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு 2024இல் வெளியிட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி தொன். அதில் கடைகளின் பங்கு 13 கோடியே 10 இலட்சம் தொன். வீடுகளின் பங்கு 63 கோடியே 10 இலட்சம் தொன். கடை ஒரு பங்கு வீசினால் அடுப்படிகள் கிட்டத்தட்ட ஐந்து பங்கு வீசுகின்றன.

கடைக்காரர் ஏன் வீசுகிறார் என்பதிலும் நமக்குப் பங்குண்டு. இன்றைக்கே குடிக்கப்போகும் பாலுக்கு ராக்கையின் பின்பக்கம் கையை விட்டு, பிந்திய திகதியாகப் பார்த்து எடுக்கிறோம். முன்னால் இருந்தது அப்படியே கிடந்து பழுதாகிறது. தகரம் கொஞ்சம் நெளிந்திருந்தால் தொடுவதில்லை. உள்ளே கெட்டிருக்குமோ என்ற பயம் உப்பிய, துருப்பிடித்த, மூட்டில் அடிபட்ட தகரத்துக்கு நியாயம். பக்கத்தில் இலேசாக நெளிந்ததற்கு அவசியமில்லை. றமழான் வருமுன் மாதம் முழுவதற்கும் வாங்கிக் குவித்து, பெருநாளைக்குப் பிறகு பாதியை எறும்புக்குக் கொடுக்கிறோம். கலியாண வீட்டில் ஒரு சஹனுக்கு ஆறு பேர் உட்கார்ந்து, மூன்று பேருக்குரிய சோற்றை அதிலேயே விட்டுவிட்டு எழுகிறோம். கைபடாத சோறு என்றால் யாருக்காவது கொடுக்கலாம். கைபட்ட பிறகு என்ன செய்வது?

சென்னை பெசன்ட் நகரில் 2017ஆம் ஆண்டு ஐஸா ஃபாத்திமா ஜாஸ்மின் என்ற பல் வைத்தியர் தெருவோரத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியை வைத்தார். மிஞ்சிய நல்ல உணவை யாரும் அதில் வைக்கலாம், பசித்தவர் யாரும் எடுக்கலாம். உடுப்புக்கும் புத்தகத்துக்கும் பக்கத்திலேயே ராக்கை. "ஐயமிட்டு உண்" என்று அதற்குப் பெயர். உங்களைப் போன்ற ஒரு பெண்தான் அதைத் தொடங்கினார்.

நீங்கள் ஒவ்வொருவரும் பெட்டி வாங்கி வைக்க வேண்டியதில்லை. இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் அலுமாரியில் உள்ள பக்கட்டுகளின் திகதிகளைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் முடிவது எது, அது உங்கள் வீட்டுக்குத் தேவையா என்று முடிவு செய்யுங்கள். தேவையில்லை என்றால் இன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அடுத்ததாக, வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரரிடம், திகதி நெருங்கியதை என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாக ஒரு தடவை கேளுங்கள். மௌலவி கேட்பதைவிட வாடிக்கையாளர் கேட்பது கடைக்காரரின் காதில் நன்றாக ஏறும்.

நம் கையில் இருப்பதைப் பற்றி விசாரிக்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது. அந்த நாளில், பத்து நாள் மிஞ்சியிருந்த பால்மாவுக்கும் ஐந்து வயதுத் தங்கச்சிக்கும் இடையில் நின்றவர்களாக அல்லாஹ் எங்களை ஆக்காதிருப்பானாக.

வஸ்ஸலாம்.