உங்க லேப்டாப்பில் ஒரு அநாதை இருக்கலாம்

உபுண்டுவில் ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்று அடித்தால் விஎல்சி வந்து உட்கார்ந்துவிடுகிறது. எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? விஎல்சி எழுதியவர்கள் நேராக அனுப்புவதில்லை. நடுவில் டெபியன் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். சோர்ஸ் கோடை எடுத்து, எந்தெந்த லைப்ரரி தேவை என்று எழுதி, ஃபைல்களின் உரிமத்தைப் படித்து, பில்ட் ஆகுதா என்று பார்த்து ஏற்றுவது அவர்கள்தான். நம்ம ஹார்பரில் சரக்கைக் கன்டெய்னரில் அடைத்து, பேப்பர் வேலை முடிக்கிற ஆட்கள் மாதிரி. நாம கப்பலை மட்டும்தான் போட்டோ எடுப்போம்.

நமக்கு முந்தைய செட் அண்ணன், அக்காக்களின் அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, அதுவும் டெபியனை வைத்து சி-டாக் செய்ததுதான். (எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தாங்கங்கிறது வேற விஷயம்.)

2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் 64,000-க்கும் அதிகமான பேக்கேஜ்கள். அதிகாரபூர்வ டெவலப்பர்களோ சுமார் ஆயிரம் பேர். வெளியிலிருந்து உதவுகிறவர்களைச் சேர்த்தாலும் கணக்கு இடிக்குது. வேலை மாறினாலோ, குழந்தை பிறந்தாலோ ஒருத்தர் விலகிடுவார். அவர் பேக்கேஜ் ‘ஆர்ஃபன்’ பட்டியலுக்குப் போகும். அநாதை என்றே பேர் வெச்சிருக்காங்க.

ஒரே ஆளை நம்பி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்-இசட் கதை போதும். ஃபைலைச் சுருக்குகிற சின்ன மென்பொருள், கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். லாஸ்ஸி காலின் என்பவர் பல வருஷம் தனியாகப் பார்த்துவந்தார். அவர் சோர்ந்திருந்த நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை வாங்கி, கடைசியில் பின்வாசல் வைத்துவிட்டார். அது டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்தது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் தாமதமாவதைக் கவனித்து நோண்டியதால் தப்பித்தோம்.

முத்துக்குளிக்க இறங்குகிறவர் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார் என்று நம்ம ஊரில் சொல்வாங்க. காலின் இறங்கியபோது கயிற்றைப் பிடிக்க மச்சானே இல்லை. யாரோ ஒருத்தர் வந்து பிடித்தார்.

அதனால் நான் சொல்வது: ஒரு பேக்கேஜை ஒருத்தர் தலையில் கட்டாமல் குழுவாகப் பிரித்துச் செய்யணும். அந்தக் குழுவில் நம்ம காலேஜ் பசங்களும் இருக்கணும். இது ஆகாத காரியம் இல்லை. டெபியனின் பெர்ல் குழு மூவாயிரத்துக்கும் அதிகமான பேக்கேஜ்களைப் பொதுவில் வைத்துப் பராமரிக்கிறது. யார் வேண்டுமானாலும் யாருடைய பேக்கேஜிலும் கை வைக்கலாம். கேரளத்தில் பிரவீன் அரிம்பிரத்தொடியில் கிட்லேபை டெபியனுக்குள் கொண்டுவந்தபோது, அதற்குத் தேவையான ரூபி, நோட் லைப்ரரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பட்டறை நடத்தி, மாணவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு 2023 ஜனவரியில் மினிடெப்கான்ஃப் நடத்தியது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் நிற்கிற ஊர்தானே, ரொம்ப தூரமா என்ன?

“கம்பெனிக்காரன் சம்பாதிக்க நான் ஏன் ஓசியில் உழைக்கணும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் தமிழ் ஃபான்ட், தமிழ் கீபோர்டு பேக்கேஜ்கள் உடைந்தால் எந்தக் கம்பெனியும் ராத்திரி முழிச்சிருந்து சரிசெய்யாது. இன்டர்வியூவில் “என்ன புதுசா செஞ்சே?” என்றுதான் கேட்பாங்க, “எதைப் பராமரிச்சே?” என்று கேட்க மாட்டாங்க, அதுவும் உண்மை. அதற்காகத்தான் நாமும் டி-ஷர்ட் கிடைக்கும் என்று ரீட்மியில் ஒரு கமாவைத் திருத்திட்டு ‘ஓபன் சோர்ஸ் கான்ட்ரிபியூட்டர்’ என்று ரெஸ்யூமில் போட்டுக்கொள்கிறோம்.

டெபியன் வைத்திருந்தால் ‘ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்’ என்ற பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணுங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஹைஃபன். உங்க மெஷினில் இருக்கிற பேக்கேஜ்களில் எதெதற்கு ஆள் இல்லை என்று அது பட்டியல் போடும். ஒன்றை எடுத்துக்கொண்டு லேபுக்கு வாங்க. கூட இன்னும் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க.