தண்ணி விடுறது யாற்ற வேலை?

போன சோளகக் காலத்தில மாமா வீட்டு மேல்தட்டுக்குக் கொங்கிறீற் போட்டினம். கைக்கலவை இல்லை. பலம் கூடின ரெடிமிக்ஸ், லொறியில வந்து பம்பால மேல ஏறினது. காலமை ஒன்பது மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. கூலி, சாப்பாடு எல்லாம் குடுத்தாச்சு. பின்னேரம் ஏறிப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கக் கோடு கோடாய் வெடிப்பு.

"சீமெந்து சரியில்லை" எண்டார் மேசன். "மேசன் சரியில்லை" எண்டினம் லொறிக்காரர். "கண்ணூறு" எண்டா அம்மம்மா. என்னைக் கேட்டால், அந்தத் தட்டுக்குத் தண்ணி காணாது. அவ்வளவுதான்.

சீமெந்து கூடினால் பலம் கூடும், பலம் கூடினால் வெடிக்காது என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். அதில் இரண்டாவது பாதி பிழை. சாதாரணக் கொங்கிறீற்றைப் போட்டவுடன் கொஞ்சத் தண்ணி மேலே ஊறி வந்து நிற்கும். வெயிலும் காற்றும் முதலில் அதைத்தான் குடிக்கும். பலம் கூடிய கலவையில் தண்ணீர் குறைவு. அதோடு சிலிக்கா தூளும் சேர்த்திருந்தால் மேலே ஊறுவது மிக மிகக் குறைவு. ஊறுவதைவிட வேகமாகக் காற்று உறிஞ்சினால், இன்னும் இறுகாத மேற்பரப்பு சுருங்கிப் பிளக்கும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு சதுர மீற்றரில் இருந்து 1 கிலோ தண்ணீர் ஆவியானால் கவனம் என்பது பொறியியலாளர்களின் பழைய கணக்கு. இந்த மாதிரிக் கலவைக்கு அதைவிடக் குறைந்தாலே ஆபத்து.

இரண்டாவது சுருக்கம் உள்ளே நடக்கிறது. தண்ணீருக்கும் சீமெந்துக்குமான விகிதம் 0.4க்குக் கீழே போனால், இருக்கிற தண்ணீரைச் சீமெந்தே குடித்து முடித்து உள்ளுக்குள் காய்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் நடக்கிற காய்தல் வேறு. கொங்கிறீற் நசுக்கத் தாங்கும், இழுக்கத் தாங்காது. இழுவைப் பலம் நசுக்குப் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். சுருங்கப் பார்க்கிற தட்டைத் தூணும் வளையும் பிடித்து வைத்திருந்தால், அது வெடிக்காமல் என்ன செய்யும்?

மருந்து இல்லாமல் இல்லை. ஒரு கனமீற்றருக்கு 900 கிராம் அளவில் பொலிப்புரொப்பிலீன் நார் சேர்த்தால் முதல்நாள் வெடிப்பு நல்லாய்க் குறையும். சுருக்கத்தைக் குறைக்கிற திரவங்களும் இருக்கு. ஆனால் மலிவான மருந்துதான் முதல் மருந்து: வெயில் தாழப் போடுங்கோ. இறுகுது எண்டு லொறியின்ர பீப்பாவுக்குள்ள தண்ணி ஊத்த விடாதேங்கோ. மட்டம் பிடிச்ச கையோட பொலித்தீனால மூடுங்கோ. இறுகின பிறகு ஈரச்சாக்குப் போட்டு, குறைஞ்சது 7 நாள் காயாமல் வைச்சிருங்கோ. சாம்பல் கலந்த சீமெந்து எண்டால் இன்னும் கூட நாள் வேணும். உவர்க் கிணத்துத் தண்ணி மட்டும் வேண்டாம்; கம்பி கறள் பிடிக்கும்.

இது ஒன்றும் இரகசியமில்லை. மேசனுக்கும் தெரியும், இஞ்சினியருக்கும் தெரியும். பிறகு ஏன் நடப்பதில்லை? கொங்கிறீற் போட்ட அன்றோடு கூலி முடிந்துவிடுகிறது. அடுத்த நாள் மேசன் வேறு வளவில் நிற்பார். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுவார். தண்ணி விடுவது யாருக்கும் கூலி இல்லாத வேலை. அதனால் அது யாருடைய வேலையும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. அதே லொறியில் எடுத்த சோதனைக் கட்டிகள் ஆய்வுகூடத் தொட்டிக்குள் 28 நாள் தண்ணீரில் கிடக்கும். பிறகு உடைத்துப் பார்த்துப் "பலம் சரி" என்று அறிக்கை வரும். அது தொட்டியில் கிடந்த கட்டியின் பலம். மொட்டை வெயிலில் கிடந்த தட்டுக்கு அந்த அறிக்கை என்ன சொல்லும்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஒப்பந்தத்தில் சீமெந்து, கம்பி, பம்புக் கூலிக்குக் கீழே இன்னொரு வரி எழுதுவோம்: "7 நாள் ஈரம் காத்தல், ஒரு ஆளுக்குக் கூலி." கையெழுத்தும் அவரிடமே வாங்குவோம். வங்கிக் கடனில் கட்டுகிற வீட்டுக்கு அது பெரிய காசு இல்லை. மாமா இப்ப மழைக்கு மழை வாளி வைக்கிறார், அதைவிட மலிவு.