இத்தாலியின் விடுதலை நாளும் நம் பட்டாளத்துத் தாத்தாக்களும்

ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள். 1945இல் அன்றைய தினம்தான் வட இத்தாலியின் விடுதலைக் குழு, ஜெர்மானியப் படைகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்துக் கிளர்ந்தெழும்படி மக்களை அழைத்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் மிலான் வீதிகள் ஊர்வலத்தால் நிறைகின்றன. மலைகளில் மறைந்திருந்து போராடிய ‘பார்ட்டிசான்’ வீரர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களுடைய சங்கம் 2006இல் தன் விதிகளைத் திருத்தி, போரையே பார்த்திராத தலைமுறையையும் உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியது. கண்ணால் கண்டவர்கள் போய்விட்டாலும் நினைவு போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்தவர்கள் அவர்கள்.

அந்த விடுதலையில் நம்மவர்களின் ரத்தமும் கலந்திருக்கிறது. 1943 முதல் 1945 வரை 4, 8, 10 ஆகிய மூன்று இந்திய டிவிஷன்கள் இத்தாலியில் போரிட்டன. சுமார் 50,000 பேர் போனார்கள்; 5,700க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அந்தப் போர்முனையில் வழங்கப்பட்ட 20 விக்டோரியா கிராஸ் பதக்கங்களில் 6 இந்தியப் படையினருக்குக் கிடைத்தவை.

அவர்களில் ‘தம்பிகள்’ என்று பட்டாளம் முழுக்க அழைக்கப்பட்ட மெட்ராஸ் சாப்பர்களும் உண்டு. பாலம் கட்டுவதும் பாதை போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர்களில் ஒருவர். 1944 பிப்ரவரி 24 அன்று, கசினோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்ற இடத்தில், கண்ணிவெடி தேடும் குழுவோடு அவர் இருந்தார். குழுவில் ஒருவரின் கால் வெடியின் மேல் பட்டுவிட்டது. ஜெர்மானியர்களின் அந்த வகை வெடி மிதித்த உடனே வெடிக்காது. நான்கு நொடி போல அமைதியாக இருக்கும். பிறகு இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழுந்து, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளைச் சுற்றிலும் சிதறடிக்கும். அதே வேலையில் ஊறியவருக்கு அந்த நான்கு நொடிகளின் கணக்கு நன்றாகத் தெரியும். விலகி ஓடவும் அவருக்கு நேரம் இருந்தது. அவரோ தன் உடலால் வெடியை மூடினார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. சாங்ரோ ஆற்றங்கரையில், தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவிடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

தெரியாமல் போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இவர்கள் கடல் தாண்டிய காலத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். 1943இல் வங்காளம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். சுதந்திர இந்தியா அவர்களைத்தான் தன் வீரர்களாக வரித்துக்கொண்டது; அது நியாயமும்கூட. ஆனால், ‘வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவன்’ என்ற ஒரு சொல்லால் மற்றவர்களை ஒதுக்கித் தள்ளியதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலே 25 லட்சம் பேர் சேர்ந்த படை அது. பெரும்பாலோரைச் சேர வைத்தது வறுமை. மாதம் தவறாமல் வீட்டுக்குப் போகும் மணியார்டர், மூன்று வேளைச் சாப்பாடு, கொஞ்சம் மரியாதை. அனுப்பியது ஒரு பேரரசு, அதன் நோக்கம் சுயநலம். அதற்காக, போன இடத்தில் பாசிசத்தை வீழ்த்தியது பொய்யாகிவிடாது. தன் நாட்டில் இல்லாத சுதந்திரத்தை இன்னொரு நாட்டு மக்களுக்குப் பெற்றுத் தர உயிரைக் கொடுத்தார்கள் என்பது, அந்தத் தியாகத்தின் கனத்தைக் கூட்டத்தான் செய்கிறது.

இத்தாலியர்கள் இதை மறக்கவில்லை. மராட்டிய வீரர் யஷ்வந்த் காட்கேவுக்கு 2023இல் உம்பிரியா பகுதியின் மொந்தோனே என்ற சிற்றூரில் ஒரு சூரியக் கடிகாரத்தை நினைவுச் சின்னமாக நிறுவியிருக்கிறார்கள். தம் ஊர் மண்ணில் 1944 ஜூலையில் விழுந்த ஓர் அந்நியரை ஊர்க்காரராகவே சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

நம்மிடம் அந்த அக்கறை வீட்டளவில்கூட இல்லை. வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறோம். வடாற்காட்டில் பட்டாளத்துக்காரர் வீடு இல்லாத தெருவைத் தேட வேண்டும். ஆனாலும் ‘தாத்தா மிலிட்டரியில் இருந்தார்’ என்பதோடு பேரப்பிள்ளைகளின் சரித்திரம் முடிந்துவிடுகிறது. எந்தப் படைப்பிரிவு, எந்த நாடு என்றால் விழிக்கிறார்கள். பரணில் கிடக்கும் டிரங்க் பெட்டியை இறக்கிப் பாருங்கள். ஆறு முனை கொண்ட பித்தளை நட்சத்திரம் ஒன்று இருக்கலாம். அதன் ரிப்பனில் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று பட்டைகள் இருந்தால், அது ‘இத்தாலி ஸ்டார்’. உங்கள் தாத்தா பெரும்பாலும் அந்த நாட்டின் விடுதலைப் போரில் இருந்தவர்.

1945இல் இருபது வயதில் இருந்தவர் இன்று நூறைக் கடந்திருப்பார். அவரிடம் இனிக் கேட்க முடியாது. ஆனால், கடிதத்துக்குக் காத்திருந்த தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எண்பதுகளில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்ய அரை நாள் போதும். திரும்பி வராதவர்களின் பெயர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் சொந்த ஊரும்கூட உண்டு. மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன. ஊர் ஊராக இந்தப் பெயர்களைப் பிரித்தெடுத்து, அந்தந்த ஊர்ப் பள்ளியில் எழுதி வைக்கும் வேலையை அரசு ஒரே ஆண்டில் முடித்துவிட முடியும். அதைக் கீழ் ஒட்டிவாக்கத்திலிருந்து தொடங்கலாம்.