‘பின்னால் வரும்’ என்னும் வாக்கு



‘பிள்ளையின் படிப்புக்காக’ என்று சொன்னால், நம் பெற்றோர் கடன் வாங்கியேனும் பணம் தருவர். இச்சொல்லின் வலிமையை வணிகர் நன்கறிவர். அதற்குச் சான்றான ஒரு வரலாற்றை இம்மாதம் சிந்திப்போம்.

1980-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ‘இன்டெலிவிஷன்’ என்னும் தொலைக்காட்சி விளையாட்டுக் கருவியை நாடெங்கும் விற்றது. விரைவில் ஒரு விசைப்பலகை வரும். அதனை இணைத்தால் விளையாட்டுப் பெட்டியே வீட்டுக் கணிப்பொறியாகும். வரிக் கணக்குப் பார்க்கலாம், பிரெஞ்சு மொழி கற்கலாம் என்றெல்லாம் நம்பிக்கையூட்டியது. அதை நம்பி வாங்கியோர் பலர். விசைப்பலகையோ செய்வதற்குச் செலவு மிகுந்ததாயிற்று. வாங்கியோர் முறையிட, அரசின் வணிக ஆணையம் தலையிட்டது. சுமார் 4,000 மட்டுமே செய்யப்பட்ட நிலையில், 1982-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்கெனத் திட்டமிட்ட மென்பொருள்களிற் பல வெளிவராமலே போயின.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ‘ஃபாமிகாம்’ கருவியின் போலிகள், விசைப்பலகையுடன் ‘டி.வி. கம்ப்யூட்டர்’ என்று நகரக் கடைகளில் மலிவாக விற்கப்பட்டன. மூலக் கருவியின் வேலை நினைவகமோ 2 கிலோபைட்டு மட்டுமே. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆங்கில எழுத்துகள் கொள்ளும் இடம். மின்சாரம் நின்றால் அதுவும் அழியும்.

2008-இல் டெரெக் லோமாஸ் என்னும் அமெரிக்க இளைஞரும் அவர்தம் தோழர்களும், சுமார் 12 டாலர் விலையுள்ள இத்தகைய கருவிகளுக்கு நல்ல கல்வி மென்பொருள் ஆக்க முனைந்தனர். பெட்டி ஏற்கெனவே ஏழை வீட்டில் இருக்கிறது. அதில் இடுவதற்குப் பாடந்தான் இல்லை என்பதை அவர்கள் கண்டனர். நோக்கம் நன்று. ஆயினும் கைப்பேசி பெருகவே, அப்பெட்டிகள் வழக்கொழிந்தன.

இன்று காளப்பநாயக்கன்பட்டியில் மரவள்ளி விற்ற பணத்தில், ‘படிப்புக்கு’ என்று கைப்பேசி வாங்கும் தந்தையர்க்கு நாம் கூறுவது ஒன்றே. கடையிலேயே கேளுங்கள்: “என் மகள் இன்று மாலை இதில் எந்தப் பாடத்தைப் படிப்பாள்? திறந்து காட்டுங்கள்.” காட்டினால் வாங்குங்கள். ‘பின்னால் வரும்’ என்றால், பணத்தையும் பின்னால் தருவோம் என்று சொல்லித் திரும்புங்கள்.

அவ்வாறே, ‘பரீட்சை முடியட்டும், வாங்கித் தருகிறோம்’ என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் வாக்கையும் எண்ணிப் பார்ப்போம். இயன்றதை மட்டும் சொல்வோம், சொன்னதைச் செய்வோம்.