கட்டளை வரி மனப்பாடச் செய்யுள் அன்று

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் வலையமைப்பு ஆய்வகத்தின் ரெக்கார்டு நோட்டு ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஒரே முகம் கொண்டது. நோக்கம், செய்முறை, வெளியீடு, முடிவு. ஒரு பக்கத்தில் பென்சிலால் வரைந்த இரண்டு ரௌட்டர்கள். எதிர்ப்பக்கத்தில் 'எனேபிள்', 'கான்ஃபிகர் டெர்மினல்', 'இன்டர்ஃபேஸ்', 'ஐபி அட்ரஸ்', 'நோ ஷட்டவுன்' என்று கட்டளைகளின் அணிவகுப்பு. இறுதியில் 'சோதனை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்ற மாறாத தொடர்.

அந்த வெற்றியும் பல வேளைகளில் திருத்தப்பட்ட வெற்றியே. ரௌட்டரிலிருந்து முதன்முறை பிங் அனுப்பும்போது ஐந்து பொட்டலங்களில் முதலாவது பெரும்பாலும் தொலைந்துபோகும். திரையில் ஒரு புள்ளி, பின் நான்கு வியப்புக்குறிகள், 80 விழுக்காடு வெற்றி. எதிர்முனையின் வன்பொருள் முகவரியை ஏஆர்பி நெறிமுறை கண்டறியும் வரை காத்திராமல் ரௌட்டர் முதற்பொட்டலத்தைக் கைவிட்டுவிடுகிறது என்பதே காரணம். அன்றைய ஆய்வகத்தில் கற்பதற்கு இருந்த மிகச் சிறந்த பாடம் அந்த ஒற்றைப் புள்ளிதான். மாணவர் என்ன செய்கிறார்? மீண்டும் ஒருமுறை பிங் அனுப்பி, 100 விழுக்காடு வந்த திரையை நோட்டில் படியெடுக்கிறார். ஆசிரியர் கையொப்பமிடுகிறார்.

இந்த நிலையைக் காட்டியே பாடத்திட்டக் கூட்டங்களில் ஒரு சாரார் வாதிடுகின்றனர்: கட்டளை வரி காலாவதியாகிவிட்டது, மேகக் கட்டுப்பாட்டகமும் நிரல்வழி மேலாண்மையும் வந்துவிட்டன, அதை நீக்கிவிட்டுப் புதியன புகுத்துக. நோய் எது என்று பாராமலே உறுப்பை அறுக்கும் பரிந்துரை இது. கற்பிக்கப்பட்ட பொருள் பழையது என்பதன்று குறை. அது கற்பிக்கப்படவே இல்லை என்பதுதான் குறை.

ஓர் எளிய நேர்வைக் கொள்ளலாம். ஒரு வளாகத்தின் இரு கட்டடங்களை இணைக்கும் சுவிட்சின் டிரங்க் இணைப்பில் 10, 20, 30 என்ற மூன்று வீலான்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டுள்ளன. புதிய ஆய்வகத்திற்காக 40-ஐச் சேர்க்க வேண்டும். மாணவர் நோட்டில் உள்ளவாறே 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு வீலான் 40' என்று தட்டச்சு செய்கிறார். சிஸ்கோ ஐஓஎஸ் அதைப் பட்டியலுடன் சேர்ப்பதில்லை. பழைய பட்டியலை அழித்துவிட்டு 40-ஐ மட்டும் வைக்கிறது. இடையில் 'ஆட்' என்ற ஒரு சொல் விடுபட்டதன் விளைவு இது. எச்சரிக்கை இல்லை, 'உறுதியா?' என்ற வினவல் இல்லை. என்டர் விசையை அழுத்திய கணமே மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. மேலாண்மைப் போக்குவரத்து 10-ஆம் வீலானில் சென்றுகொண்டிருந்தால், தட்டச்சு செய்தவரின் தொலைநிலை இணைப்பும் அதோடு அறுபடும். இனிக் கன்சோல் கேபிளைத் தேடி எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்திற்கு நடக்க வேண்டியதுதான்.

இந்த ஒரு பிழைக்குள் ஒரு பருவத்திற்குரிய பாடம் அடங்கியிருக்கிறது. இயங்கும் உள்ளமைவும் தொடக்க உள்ளமைவும் ஏன் தனித்தனியாக உள்ளன? மாற்றத்தைச் சேமிக்காத வரை மறுதொடக்கம் பழைய நிலையை மீட்டுத் தரும் என்பதால் அன்றோ, தொலைவிலிருந்து வேலை செய்வோர் முதலில் 'ரீலோட் இன் 10' என்று காலம் குறித்து, எல்லாம் சரியானபின் அதை ரத்து செய்கின்றனர்? ஜூனிப்பரின் ஜூனோஸ் ஏன் மாற்றங்களை முதலில் வரைவாக வைத்து, 'கமிட்' என்ற பின்னரே செயற்படுத்துகிறது? அதன் 'கமிட் கன்ஃபர்ம்டு' கட்டளை, வேறு காலம் குறிக்காவிடில், பத்து நிமிடங்களுக்குள் மறு உறுதி கிடைக்காதபோது தானாகப் பின்வாங்குவது எதற்காக? இவை அனைத்தும் வடிவமைப்பு வினாக்கள். இவற்றைக் கேட்காமல், ஓஎஸ்ஐ மாதிரியில் எத்தனை அடுக்குகள் என்று கேட்டு வாய்மொழித் தேர்வை முடித்துக்கொள்ளும் மரபு இன்னும் ஓயவில்லை.

பிழையின் அளவு வளாகத்தோடு நிற்பதன்று. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காக, வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது என்று அந்நிறுவனமே விளக்கமளித்தது. அத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் பிழை இருந்தது. அவசரத்திற்கென வைத்திருந்த தனி மேலாண்மை வலையமைப்பும் பயன்படவில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில், ஒரு ரௌட்டரின் உள்ளமைவிலிருந்து வடிகட்டி ஒன்றை நீக்கியதால் வழித்தடத் தகவல் பெருக்கெடுத்து மைய ரௌட்டர்களை முடக்கியது. அட்டைவழிப் பணப்பரிமாற்றமும் அவசர அழைப்பும் பாதிக்கப்பட்டன. இரண்டும் தானியக்கத்தில் பின்தங்கிய நிறுவனங்கள் அல்ல. கட்டளையை மனிதர் இட்டாலும் நிரல் இட்டாலும், அது கருவிக்குள் என்ன செய்யும், எப்படிப் பின்வாங்குவது என்பதை அறிந்தவர் ஒருவர் தேவைப்படுகிறார். கட்டளையை எழுதித்தர இன்று மொழி மாதிரிகள் உள்ளன என்போருக்கும் இதுவே விடை: விடுபட்ட 'ஆட்' என்ற சொல்லை அவர்களுள் யார் கவனிப்பார்?

கட்டளை வரிக்குக் குறைகள் இல்லை என்பதன்று. மனிதர் படிக்க எழுதப்பட்ட வெளியீட்டை நிரல்கள் பகுப்பது பெருந்தொல்லை. நிறுவனத்திற்கு நிறுவனம் சொற்கள் மாறும். 2002-இல் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையின் அறிக்கை, ஆர்எஃப்சி 3535, இவற்றை வெளிப்படையாகவே பதிவு செய்தது. நெட்கான்ஃப், யாங் ஆகியவை பின்னர் உருவானதற்கு அந்த உரையாடலே அடித்தளம். ஆனால் அதே அறிக்கையில், உள்ளமைவுகளை உரையாக ஒப்பிடவும் பதிப்புகளாகப் பேணவும் முடிய வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டுள்ளது. கட்டளை வரியை ஒழிக்கச் சொல்வோர் இந்த இருபது பக்கங்களை ஒருமுறை படிப்பது நல்லது.

மற்றொரு சாரார் எதிர்த்திசையில் தவறுகின்றனர். ஒரு நிறுவனத்தின் சான்றிதழ்ப் பாடத்தையே பல்கலைக்கழகப் பாடமாக ஏற்று, அதே நிறுவனத்தின் பாக்கெட் டிரேசரோடு நிறைவடைகின்றனர். தொடக்கநிலை மாணவருக்கு அது நல்ல கருவிதான். ஆயினும் உண்மைக் கட்டளைகளில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்கும் போலிச்சூழல் அது. அதில் எதை உடைத்தாலும் யாருக்கும் இணைப்பு அறுபடுவதில்லை. இந்தக் கட்டளை மொழி யாருடையது என்பதும் நீதிமன்றம் ஏறிய வினா. தன் கட்டளைகளைப் படியெடுத்ததாக அரிஸ்டா மீது சிஸ்கோ தொடுத்த பதிப்புரிமை வழக்கில், 2016 டிசம்பரில் அமெரிக்க நடுவர் குழு, துறையின் பொது வழக்கு வடிவமைத்த கூறுகள் இவை என்ற எதிர்வாதத்தை ஏற்று அரிஸ்டாவை விடுவித்தது. நடுவர்களே பொது வழக்கு என்று ஏற்றதை அரசுப் பல்கலைக்கழகம் தனியார் விற்பனைக் கையேடாகக் கற்பிப்பது வியப்புக்குரியது.

பணமில்லை என்ற சாக்கும் நிற்காது. லினக்ஸ் இயங்கும் சாதாரணக் கணினி ஒன்றில் பெயர்வெளிகளால் ஐந்தாறு ரௌட்டர்களை உருவாக்கலாம். திறந்த மூலமான எஃப்ஆர்ஆர் மென்பொருளின் வீடிஒய்எஸ்எச் கூடு, சிஸ்கோவை ஒத்த கட்டளை வரியை இலவசமாகவே தருகிறது. வீலான் பயிற்சிக்கு லினக்ஸ் பிரிட்ஜ் போதும், சொற்கள் மட்டும் வேறுபடும். கடினம் வேறிடத்தில் உள்ளது: அறுபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்ற நிலையில் ஒவ்வொருவரின் பிழையையும் பார்த்து மதிப்பிட நேரமில்லை. அந்தக் குறையை மறைக்கத்தான் 'வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது' என்ற தொடர் பயன்படுகிறது.

செய்முறைத் தேர்வின் வினாத்தாள் இப்படி இருக்கலாம்: நான்கு ரௌட்டர்கள், அவற்றுள் இரண்டில் ஆசிரியர் முன்கூட்டியே புகுத்திய பிழைகள். மாணவர் ஒரு கட்டளை இடுமுன், அது தவறினால் எவ்வாறு மீள்வது என்பதைத் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். பிங் போனதற்கு முப்பது மதிப்பெண், அந்தத் தாளுக்கு எழுபது.